‘பிடி’ என்று கேட்டது

பழைய விமானங்களுக்கும் அழகுப் போட்டி உண்டு என்று சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. நடுவர்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து மார்க் போடுவார்கள். புதுப்பித்த விமானத்தில் அசல் பாகம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அவ்வளவு மார்க். மரத்தை மாற்றினால் குறையும், ஆணியை மாற்றினாலும் குறையும். கடைசியில் அவர்கள் கண்ணெதிரே ஒரு சுற்றுப் பறந்தும் காட்ட வேண்டும். இந்த விதியை எழுதிய புண்ணியவான் விமானத்துக்குள் உட்காரப் போகிறவர் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அல்சூரில் குடியிருந்தேன். ஒரு தொழிற்சாலையில் தச்சு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, தைலமரமும் திராட்சைத் தோட்டமுமாக இருந்த வைட்ஃபீல்டைத் தாண்டி ஒரு தனியார் ஓடுதளத்துக்குப் போவேன். அங்கே ஒரு கொட்டகையில் ஓய்வுபெற்ற விமானி ஒருவர் இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட மர விமானம் ஒன்றை மூன்று வருடமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அவரை கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம். கன்னடக்காரர். எங்களோடு தமிழ் பேசுவார், பதற்றம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார். பின்னால் என் தங்கை வீட்டுக்காரரும் உதவிக்கு வந்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஜீவனஹள்ளியில் குடியேறி ஆறு மாதம் ஆகியிருந்தது. சாப்பாடு ஆச்சா என்று கேட்கும் ‘ஊட்டா ஆய்த்தா’வைத் தாண்டி அவருக்குக் கன்னடம் வராது.

போட்டிக்குப் பத்து நாள் இருந்தபோது, இடது கீழ் இறக்கைக்குத் துணி போர்த்துவதற்கு முன், உள்ளே ஓடும் நீளக் கட்டையைத் தட்டிப் பார்த்தேன். பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை வைத்து ஒட்டிய கட்டை அது. பாலிலிருந்து எடுக்கும் பழங்காலத்துப் பசை. மழைக்காலம் பல கண்டால் உள்ளுக்குள் செத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. உளிப் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். கணீர் கணீர் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் ‘தொப்’ என்றது. மறுபடி தட்டினேன். தொப்.

கேப்டன் பின்னால் வந்து நின்றார். “எப்டிப்பா இருக்கு? கெட்டியா?”

“கெட்டியா இருக்கு சார்.”

“ஹௌதா? சரி, துணி போட்டுடு.”

ஏன் அப்படிச் சொன்னேன்? கட்டையை மாற்றினால் ஒன்றரை மாதம் போகும், போட்டி போச்சு. அடுத்த வருடப் போட்டிக்குப் போனாலும் அசல் கட்டைக்கான மார்க் போனது போனதுதான். ஒரே ஒரு சுற்றுத்தானே, தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோப்பை ஆசை, வேறொன்றுமில்லை. துணியை என் கையாலேயே இழுத்துத் தைத்தேன்.

போட்டி நெருங்கிவிட்டதால் அந்தப் பத்து நாளும் தொழிற்சாலைக்குப் போகுமுன் கொட்டகைக்குப் போனேன். இன்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையும் கிளம்புவேன். கேப்டன் விமானத்தைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் உளியை எடுத்துக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விடுவேன். தொழிற்சாலையில் எவனாவது மேசையைத் தட்டினால்கூடத் தூக்கிவாரிப் போட்டது.

போட்டி நாளன்று காற்று அதிகம். கேப்டன் மனைவி எங்களுக்குக் கேசரி பாத் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ‘சாப்பிடுங்க, வெயில்ல நிக்கப் போறீங்க’ என்று கையில் திணித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த விமானத்துக்கு பிரேக் கிடையாது. எஞ்சின் சூடாகும்வரை இறக்கைக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வலது பக்கம் நான், இடது பக்கம் மாப்பிள்ளை. கேப்டன் கையசைத்தால் விட்டுவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று காற்று விமானத்தை உலுக்கியதில் அவருக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. எஞ்சின் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

“பிடி! பிடி!”

விடுங்கள் என்பதற்குக் கன்னடத்தில் அதுதான் வார்த்தை. எழுத்தில் நமக்கு இரண்டும் ஒன்றே. காதுக்கு அவர் சொன்ன முதல் எழுத்து கொஞ்சம் கனம், அவ்வளவுதான் வித்தியாசம். நான் விட்டேன். மாப்பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

விமானம் அவர் பக்கமாகத் திரும்பியது. “விடுங்க மாப்ளே, விடுங்க!” என்று நான் அலறியது அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் இழுபட்டு விழுந்தார். ஓரத்தில் வரிசையாக வைத்திருந்த தண்ணீர் பீப்பாய்களில் இடது இறக்கை மோதி ஒடிந்தது. கேப்டன் எஞ்சினை அணைத்தார். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. மாப்பிள்ளைக்குத் தோள்பட்டை இறங்கியிருந்தது.

எல்லோரும் அவரிடம் ஓட, நான் இறக்கையிடம் ஓடினேன். கிழிந்த துணியைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல மரம் முறிந்தால் சிலாம்பு சிலாம்பாக நிற்கும். இது வழவழவென்று பிரிந்திருந்தது. தொட்டதும் பசை மாவாக உதிர்ந்தது. இதை நம்பி கேப்டன் மேலே போயிருந்தால் அந்தச் சுற்றை முடித்திருக்க மாட்டார். நடுவர் ஒருவர் நெருங்கி வருவது தெரிந்தது. துணியை இழுத்து மூடினேன்.

அடுத்த வாரம், எப்படியும் மார்க் போய்விட்டது, இந்தப் பக்கத்தை முழுசாகப் புதிதாகச் செய்துவிடலாம் என்று கேப்டனிடம் சொல்லி அந்தக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன்.

விபத்தன்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஆட்டோவில் மாப்பிள்ளை குழந்தை மாதிரி அழுதார். “மூணு வருஷ உழைப்ப நாசம் பண்ணிட்டேனே மச்சான். அவரு மூஞ்சில எப்டி முழிப்பேன்?”

“விடுங்க மாப்ளே” என்றேன்.

அவர் பிறகு அந்தக் கொட்டகைப் பக்கமே வரவில்லை. இப்போதும் குடும்பத்தில் ஒரு கல்யாணம், காதுகுத்து என்றால் யாராவது ஆரம்பிப்பார்கள்: ‘அவர் கையில எதையும் குடுத்துராதீங்க, பிடிச்சா விடமாட்டார்.’ பந்தியே சிரிக்கும். அவரும் சிரிப்பார், பிறகு கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தபடி இருப்பார். ஒரு உயிரைக் காப்பாற்றிய மனுஷன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரிக்கிறேன்.