பூனைகள் நக்கிய வாசல்

பாயான் பாருவில் உள்ள எங்கள் வீட்டு வாசலுக்கு, கல் பதித்தது போன்ற வளைவான சிமெண்டுத் தரை போட ஆசைப்பட்டேன். ரப்பர் குழாயைத் தரையில் வளைத்து வைத்து, வளைவை நானே குறித்துக் கொடுத்தேன். வேலையை எடுத்துச் செய்த குத்தகைக்காரர் ஈரச் சிமெண்டில் கல் வடிவ அச்சை அழுத்துவதற்கு முன், வாளியிலிருந்து எதையோ எடுத்து அதன் மேல் தடவினார்.

“என்னாது தம்பி இது?”

“அச்சு ஒட்டாம இருக்க மருந்துக்கா. பயப்படாதீங்க லா.”

தரை அழகாகத்தான் வந்தது. ஆனால் வெயில் ஏறியதும் வாசலெங்கும் பொரித்த மீன் நாற்றம். சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. காலையில் கோலம் போட வந்தால், தெருப் பூனைகள் வரிசையாக நின்று தரையை நக்கிக்கொண்டிருந்தன. முதல் மழையிலேயே என் கணவர் வழுக்கி விழுந்தார். தலை தூணில் மோதாதது எங்கள் நல்ல நேரம்.

குத்தகைக்காரரைப் போனில் பிடித்துக் கேட்டேன்.

“கடையில மீன் பொரிச்ச பழைய எண்ணெய்தான்கா. நல்லாத்தானே வந்துச்சு?” என்றார், கொஞ்சமும் கூசாமல்.

விளக்கு வைக்கிற வாசலில் எச்சில் எண்ணெய்! அன்றே ஆளை வைத்துத் தரையை உடைத்தெடுத்தோம்.

இப்போதெல்லாம் யார் மருந்து என்று சொன்னாலும், வாளியை வாங்கி முகர்ந்து பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்க விடுகிறேன். முகம் கோணுகிறவர்களுக்குப் பெரிய கும்பிடு போட்டுக் கேட்டைத் திறந்துவிடுகிறேன்.