பம்பரத்துக்குக் கிடைத்த ஐந்து நிமிடம்

என் கணவரின் அக்காவுக்கு எங்கள் வீட்டில் பம்பரம் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவர் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. காபியை ஜன்னலோரம் நின்றுகொண்டே குடிப்பார், டம்ளரைக் கீழே வைத்த கையோடு என் அடுப்பைத் துடைப்பார். நான் துடைத்து முடித்த அடுப்பைத்தான் துடைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

படகில் மட்டுமே போகக்கூடிய ஒரு தீவில், மிஷன் நடத்தும் சின்னப் பிரசவ விடுதியில் அவர் நர்ஸ். மிஷன் ஆபீஸ் சம்பளம் கொடுப்பதில்லை, சபைகள்தான் தாங்க வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை ஊருக்கு வந்து, சபை சபையாக ஏறி இறங்கி, மாதாமாதம் தருகிறோம் என்று வாக்கு வாங்கிக்கொண்டு திரும்புவார். இந்த முறை பழைய சபைகளில் இரண்டு கைவிரித்துவிட்டன. ஒன்று புதுக் கட்டடம் கட்டுகிறது, இன்னொன்று சண்டை போட்டு இரண்டாகிவிட்டது. விடுப்பு முடிவதற்குள் அந்தக் குறையை நிரப்பாவிட்டால் தலைமை ஆபீஸில் மேசை வேலைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது நல்ல செய்தி. தலைமை ஆபீஸ் எங்கள் தெருவிலிருந்து ஒரு பஸ் தூரம். மாமனார் பக்கவாதம் வந்து படுத்து வருடங்களாகின்றன. அவரைத் திருப்பிப் படுக்கவைத்தே என் இடுப்பு போனது. பம்பரம் வந்த வாரத்திலேயே அவரைத் தலையணை வைத்து உட்காரவைத்துவிட்டார். நான் தனியாகக் கடைவீதிக்குப் போய், ஒன்றும் வாங்காமல் சும்மா சுற்றிவிட்டு வந்தேன். இந்தச் சுகம் பறிபோகக் கூடாது என்று நான் வேண்டாத நாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் அப்பாவோடு இருப்பார். போட்டோ ஒட்டிய அட்டையைத் தூக்கிக்கொண்டு நான் அக்காவோடு போவேன். எல்லாச் சபையிலும் ஒரே ஏற்பாடு. அறிவிப்புகளுக்கும் காணிக்கைக்கும் நடுவில் மிஷனரிக்கு ஐந்து நிமிடம். அக்கா அதில் பாதியைக்கூடச் செலவழிக்க மாட்டார்.

"இந்த வருஷம் நிறையப் பிரசவம் பாத்தோம். மருந்து வைக்கிற குளிர்பெட்டி சரியா வேலை செய்யல. ஜெபிச்சுக்கோங்க."

அவ்வளவுதான். வெளியே டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கையைப் பிடித்து, "கண்டிப்பா ஜெபிக்கிறோம்மா" என்பார்கள். அப்படிச் சொன்னால் பர்ஸை மூடியாயிற்று என்று அர்த்தம். எனக்குள்ளே ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கும். அக்கா பஸ் நிறுத்தத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார்.

ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து புத்தி சொன்னார். "சிஸ்டர், கணக்கு சொன்னா யாரும் அசைய மாட்டாங்க. கண்ணீர் வர்ற மாதிரி ஒரு சாட்சி சொல்லுங்க."

அப்படி ஒன்று இல்லாமலா? ஒரு மத்தியானம் தீவிலிருந்து போன் வந்தது. அங்கே தனியாக இருந்த உதவிப்பெண், குழந்தை குறுக்கே கிடக்கிறது என்றாள். அக்கா எங்கள் ஹாலில் நடந்துகொண்டே, எங்கே கையை வைக்க வேண்டும், எப்போது அழுத்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் லைன் அறுந்தது. திரும்பப் போட்டால் போகவில்லை. அவர் ஜன்னல் திரைகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்த் துவைக்க ஆரம்பித்தார். முந்தின நாள்தான் நான் துவைத்துப் போட்டிருந்தேன். சாயங்காலம் போன் வந்தபோது முழங்கை வரை நுரை. தாய் பிழைத்துவிட்டாள் என்று மட்டும் சொன்னார். குழந்தையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர் அதே திரைகளை மறுபடி அலசினார்.

"இதைச் சபையில சொல்லலாமே அக்கா?" என்றேன் ஒருநாள்.

"அந்தப் பொண்ணு அழுததைச் சொல்லி நான் பணம் வாங்கவா?" என்றார்.

கடைசியாக ஒரு பெரிய சபை. அக்கா வழக்கம்போல் சீக்கிரம் முடித்துவிட்டார். கமிட்டியில் இருந்த ஜவுளிக்கடைக்காரர் எழுந்து, மரியாதையாகத்தான் கேட்டார். "அப்பா படுக்கையில இருக்கார்னு கேள்விப்பட்டோம். இந்த ஊர்லயும் ஆஸ்பத்திரி இருக்கு. ஏம்மா திரும்பப் போகணும்?"

நான் ராப்பகலாகக் கேட்க நினைத்த கேள்வி. அக்கா மைக்கைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் நான் சும்மா இருந்திருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவர் கால்கள் நின்ற இடத்திலேயே மாறி மாறி அசைந்துகொண்டிருந்தன. என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"நான் இவங்க தம்பி பெண்டாட்டி. அந்த அப்பாவைப் பாத்துக்கிறவ. இவங்க இங்கயே இருந்தா எனக்குத்தான் லாபம். ஆனா இவங்க இங்க இல்ல. அங்கிருந்து போன் வந்து பாதியில அறுந்துபோனா, துவைச்ச திரையையே திரும்பத் துவைக்கிறாங்க. அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன், அது அந்த வீட்டுச் சமாசாரம். திரையைப் பத்தி மட்டும் சொல்றேன். அது எங்க வீட்டுத் திரை."

உட்கார்ந்துவிட்டேன். ஜவுளிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படித் துவைச்சா துணி என்னத்துக்கு ஆகும்" என்று முணுமுணுத்துவிட்டு, பாஸ்டரைப் பார்த்துத் தலையசைத்தார். குறை முழுவதையும் அந்தச் சபையே ஏற்றுக்கொண்டது.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா கேட்டார். "நீ பேசாம இருந்திருந்தா நான் இங்கயே இருந்திருப்பேனே. அதானே உனக்கு வேணும்?"

"இப்பவும் அதுதான் வேணும்" என்றேன். அழுகையும் வந்தது, என் மேலேயே கோபமும் வந்தது. இருக்கை காலியாக இருந்தும் அவர் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேதான் வந்தார்.

அவர் தீவுக்குத் திரும்பிய மாதமே மாமனாருக்குக் கஞ்சி புரையேறியது. கண் செருகியது. வீட்டில் நான் மட்டும். பதறிப்போய் தீவுக்குப் போன் போட்டேன். "ஒருக்களிச்சுப் படுக்க வை. முகம் கீழ பாக்கட்டும். வாய்ல இருக்கறதை வழிச்சு எடு. இப்ப முதுகுல தட்டு, பலமா" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. குரலுக்குப் பின்னால் டக் டக்கென்று செருப்புச் சத்தம், போவதும் வருவதுமாக. அப்போது பார்த்து லைன் அறுந்தது.

மாமனார் இருமினார். மூச்சு வந்தது. அவரைத் துடைத்துச் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, எத்தனையோ தடவை போட்டுப் பார்த்து, சாயங்காலம்தான் லைன் கிடைத்தது.

"அப்பா நல்லா இருக்கார் அக்கா. திரையைக் கழட்டிடாதீங்க."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் நின்றது.

"இங்க திரைக்கு எங்க போறது?" என்றார். "வார்டு பெட்ஷீட்டெல்லாம் துவைச்சுக் காயப் போட்டாச்சு."