குளியல் தொட்டியில் நான்கு பானைகள்

பிள்ளை பிறக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது. மருத்துவமனையில் இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டு, பொறுத்திருங்கள் என்று அனுப்பினார்கள். செவ்வாய் வரை வலி வராவிட்டால் மருந்து கொடுப்பார்களாம்.

பொறுத்திருப்பதுதான் எங்கள் இருவராலும் முடியவில்லை. மனைவி கூடத்துக்கும் பல்கனிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். நான் தொட்டிலின் திருகாணிகளை மறுபடி மறுபடி இறுக்கினேன். கடைசியில் ஞாயிறு காலை பியர் காய்ச்சத் தொடங்கினேன்.

அதுவரை ஐந்து லீற்றர்தான் காய்ச்சியிருக்கிறேன். ஒரு சோற்றுப் பானையோடு முடிந்துவிடும். பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிக்கும் துடக்குக் கழிவன்று மாலை வரும் நண்பர்களுக்கு என் கையால் காய்ச்சியதைக் கொடுக்கும் ஆசையில், இந்த முறை இருபது லீற்றருக்குத் தானியம் வாங்கிவிட்டேன். அவ்வளவும் கொள்ளும் பானை வீட்டில் இல்லை.

முளைகட்டி உலர்த்திய பார்லியைத் தலையணை உறைகளில் கட்டி, நான்கு பானைகளில் பிரித்துச் சுடுநீரில் ஊறவைத்துப் போர்வையால் சுற்றினேன். ஒரு மணி நேரம் சும்மா விட்டால் போதும். என்னால் விட முடியவில்லை. போர்வையை விலக்குவதும் வெப்பமானியை விடுவதுமாக நின்றேன்.

"திறந்து திறந்து பாத்தால் சூடு போகாதோ?" என்றாள் மனைவி, சமையலறை வாசலைக் கடக்கையில்.

உறைகளைப் பிழிந்தெடுத்துச் சாற்றை அடுப்பேற்றினேன். சின்னப் பானை பொங்கி வழிந்தது. பெரியது கொதிக்கவே மறுத்தது. அதிலிருந்து கரண்டி கரண்டியாக மற்றவற்றுக்கு மாற்றி, கசப்புக்கான ஹொப்ஸ் பூவை எல்லாவற்றிலும் பங்கிட்டுப் போட்டேன். வீடு முழுக்கக் கசப்பும் இனிப்புமாக ஆவி. பிறகு குளியல் தொட்டியில் குளிர்நீர் நிரப்பிப் பானைகளை இறக்கினேன்.

சற்று நேரத்தில் அவள் குளிக்கத் துவாயோடு, இடுப்பைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"என்னப்பா இது?"

"ஆற வைக்கிறன். சூட்டோட ஈஸ்ட் போட்டால் அது செத்துப்போகும்."

"எனக்கு நாரி முறியுது. சுடுதண்ணிக்குள்ள கொஞ்ச நேரம் கிடக்கலாம் எண்டு வந்தன்."

"அரை மணித்தியாலம் பொறும்."

"எல்லாரும் பொறு பொறு எண்டுதான் சொல்லுறியள்."

அவள் அழுதுவிட்டாள். நான் பதறிப்போய்ப் பெரிய பானையைத் தூக்கப் போனேன்; கைப்பிடி சுட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டியின் விளிம்பில் அமர்ந்து, வீங்கிய கால்களை மெல்ல உள்ளே விட்டாள். பானைகளின் சூட்டில் தண்ணீர் இதமாகியிருந்தது.

"எடுக்காதேங்கோ. இது நல்லாத்தான் கிடக்கு."

நான் சலவை இயந்திரத்தில் சாய்ந்து தரையில் இருந்தேன். அவள் காலால் தண்ணீரை அளைந்தாள். அன்று இருவரும் ஓரிடத்தில் இருந்தது அப்போதுதான். அதுவும் நீடிக்கவில்லை. நாரி மறுபடி நொந்ததும் அவள் எழுந்து நடக்கப் போனாள். நான் ஆறிய சாற்றை வாளியில் ஊற்றி, புளிக்க ஈஸ்ட் போட்டு மூடிவைத்தேன்.

செவ்வாயன்று மருந்து கொடுத்தார்கள். மறுநாள் மகள் பிறந்தாள். அதன்பின் வீட்டு நடைவழி மூலையில் இருந்த வாளியை மறந்தே போனேன். துடக்குக் கழிவுக்குச் சில நாள் முன்புதான் போத்தலில் அடைத்தேன். போத்தலுக்குள் நுரை கட்ட அந்த நாட்கள் போதவில்லை.

"மச்சான், ஆறின தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு," என்றான் கழிவன்று மாலை வந்த ஒரு நண்பன். சொல்லிவிட்டு இன்னொரு போத்தலைத் திறந்தான்.

மனைவி என் கிளாஸை வாங்கி முகர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உள்ளறையில் பிள்ளை சிணுங்கியது. இருவரும் ஒன்றாக எழுந்தோம்.