மலர்க்கொடி அக்காவை யாரும் நியமிக்கவில்லை

மலர்க்கொடி அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு பொய்யையும் கூட அழைத்துக்கொண்டுதான் என்னிடம் வந்தது.

திருவையாற்றில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் இடைவேளை. ஆசிரியர் அறையில் டீயை வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தேன். எங்கள் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில், நாங்கள் படித்த காலத்தில் கணிதத் துறைத் தலைவராக இருந்தவர் எழுதியிருந்தார்: “நமது பல்கலைக்கழகத்தின் வழிகாட்டி மாணவர் திட்டத்தைத் தொடங்கிய செல்வி மலர்க்கொடி இன்று காலை இயற்கை எய்தினார். நமது துறை ஒரு செல்லப் பிள்ளையை இழந்தது.” அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். அந்தச் செல்லப் பிள்ளையைப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தியவர் இதே மனிதர்தான். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுத மாட்டேன். அக்காவுக்கான கட்டுரையில் அதற்கு இடம் கொடுக்க எனக்கு மனமில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலர்க்கொடி அக்கா குடவாசலுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நடவு, அறுப்பு என்று போனவர்கள். பள்ளி முடித்ததும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய், அங்கே இருந்துகொண்டே அஞ்சல் வழியில் கணிதப் பட்டம் வாங்கினார். எம்.எஸ்ஸி. படிக்க எங்கள் வகுப்புக்குள் அவர் நுழைந்தபோது, எங்கள் எல்லோரையும்விட வயதில் மூத்தவர். புடவை கட்டியிருந்தார். புது ஆசிரியர் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றது.

“அட, உக்காருங்கப்பா. நானும் ஒங்ககூடப் படிக்க வந்தவதான்” என்று சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். அன்றிலிருந்து எங்களுக்கு அவர் அக்கா.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் குடும்பம் நிலம் வைத்திருக்கும் குடும்பம் என்று தெரிந்ததும் அவருடைய அம்மா, தன் மகளைவிடச் சின்னவளான என்னை “வாங்கம்மா, உக்காருங்கம்மா” என்று சொல்லி, தான் நின்றுகொண்டே இருந்தார். அக்கா முகம் மாறிவிட்டது. “யம்மா, அவ எங்கூடப் படிக்கிற பொண்ணு. வா போன்னு கூப்பிடு. மொதல்ல நீ உக்காரு” என்றார். அந்தக் குரலில் அதட்டல் இருந்தது, அதட்டலுக்குள் அழுகையும் இருந்தது. அவருடைய கோபத்தை நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

எங்கள் துறையில் பள்ளி முடித்து நேரே வந்து சேரும் ஐந்தாண்டுப் படிப்பும் உண்டு. அந்த வருடம் அதில் சேர்ந்த பையன் ஒருவன், தன் வகுப்பு எது என்று கேட்கக் கூச்சப்பட்டு, வாரக்கணக்கில் இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்திருந்தான். தாழ்வாரத்தில் திருதிருவென்று நின்றவனிடம் அக்காதான் பேச்சுக் கொடுத்துக் கண்டுபிடித்தார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

“நாம தட்டுத் தடுமாறித் தெரிஞ்சுகிட்டத அதுங்களுக்கு முன்னாடியே சொல்லிட்டா நமக்கு என்ன கொறஞ்சு போயிடும்?” என்று கேட்டார்.

அவ்வளவுதான் தொடக்கம். எந்தச் சுற்றறிக்கையும் இல்லை. வகுப்பு முடிந்த பிறகு கேன்டீனின் கடைசி மேசையில் நாங்கள் சிலர் உட்காருவோம். பஸ் பாஸ் எங்கே வாங்குவது, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது, பாடம் புரியவில்லை என்று பேராசிரியரிடம் எப்படிப் போய்ச் சொல்வது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலப் பாடத்தில் மூச்சுத் திணறியவர்களுக்கு அக்கா அதே பாடத்தைத் தமிழில் திரும்பச் சொல்லிக்கொடுப்பார்.

எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். “சாப்பிட்டியான்னு கேக்காதீங்க. சாப்பிட்டேன்னு பொய் சொல்லிடும். ‘தனியா சாப்பிடப் புடிக்கல, கூட வா’ன்னு கூட்டிட்டுப் போங்க.” ஆசிரியராக இத்தனை வருடம் இருந்தும் இதைவிட நல்ல பாடம் ஒன்றை நான் கற்கவில்லை.

சங்கரி என்றொரு பெண். வேதாரண்யத்தில் உப்பளத் தொழிலாளியின் மகள். கணக்கில் கெட்டிக்காரி. துறைத் தலைவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலாண்டு வகுப்புக்குள் வந்ததும், “ஸ்காலர்ஷிப் ஸ்டூடண்ட்ஸ் எழுந்து நில்லுங்க” என்பார். நிற்பவர்கள் எந்தச் சமூகம் என்று எல்லோர் முன்னாலும் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அத்தனை விவரமும் இருக்கிறது. இருந்தும் வாயால் சொல்ல வைப்பார். ஒருநாள் சங்கரி கரும்பலகையில் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, ஆங்கிலத்தில் விளக்கத் தெரியாமல் நின்றாள். “சும்மா கெடைக்கிற சீட்டுக்கு இது போதும்” என்றார் துறைத் தலைவர். மறுநாளிலிருந்து சங்கரி வரவில்லை.

துறை என்ன செய்தது? வருகைப் பதிவில் கோடு போட்டது. ஒரு பெண் எங்கே போனாள் என்று ஒரு போன் செய்து கேட்கக்கூட அந்தப் பெரிய கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு வேதாரண்யத்துக்குப் பஸ் ஏறினார். சங்கரியின் அப்பா வெள்ளை பூத்த கால்களோடு அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்திருந்தார்.

“வேண்டாம்மா. அவமானப்பட்டு அவ படிக்க வேண்டாம். எங்களோட உப்பு வாரிட்டு இருக்கட்டும்” என்றார்.

அக்கா எதிர்வாதம் செய்யவில்லை. “நானும் அப்படி எழுந்து நின்னவதான்யா. இன்னும் வலிக்குது. இனிமே அங்க அப்படி நடக்காதுன்னு ஒங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். நடந்தா ஒங்க பொண்ணு தனியா நிக்காது. அத மட்டும் நான் சொல்லுவேன்.”

அவர் குனிந்து காலில் காய்ந்திருந்த உப்பைத் தட்டிவிட்டார். பிறகு சங்கரியைப் பார்த்து, “இந்த அக்கா கூட இருந்தா போறியா?” என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த முறை துறைத் தலைவர் அந்த வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னபோது, அக்கா வாசலில் அனுமதி கேட்டு உள்ளே போய்ச் சங்கரியின் பக்கத்தில் நின்றார். நாங்களும் பின்னாலேயே போய் நின்றோம்.

“நீங்கல்லாம் எதுக்கு நிக்கிறீங்க?”

“நானும் ஸ்காலர்ஷிப்ல படிக்கிறவதான் சார். இவங்க நான் நிக்கிறேன்னு நிக்கிறாங்க. சாதி என்னன்னு ஆபீஸ்ல இருக்கு சார். புள்ளைங்க வாயால கேக்காதீங்க.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். அந்த வழக்கம் அன்றோடு நின்றது. அக்காவின் படிப்பும் ஏறக்குறைய அன்றோடு நின்றது.

எம்.எஸ்ஸி.யில் நல்ல மதிப்பெண்ணோடு தேறி, முனைவர் பட்டத்துக்கான தகுதித் தேர்விலும் வென்றார். நேர்முகத்தில் அதே மனிதர் கேட்ட ஒரே கேள்வி: “ரிசர்ச் பண்ண வர்றீங்களா, சங்கம் நடத்த வர்றீங்களா?” வழிகாட்டியாக இருக்கச் சம்மதித்திருந்த பேராசிரியர் மறுநாளே பின்வாங்கிக்கொண்டார். கேன்டீன் மேசைக் கூட்டம் அனுமதியற்ற கூட்டம் ஆயிற்று. சான்றிதழ் வாங்கப் போன அக்காவைக் காவலாளி வாசலிலேயே தடுத்தார். “மேலேர்ந்து சொல்லியிருக்காங்கம்மா, என்னைத் தப்பா நெனச்சுக்காதீங்க” என்றாராம் அந்தக் காவலாளி. வெட்கப்பட வேண்டியவர்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்க, வெட்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

அக்கா குடவாசலில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுக்கப் போனார். ஆனால் ஒவ்வொரு வருடமும் சேர்க்கை தொடங்கியதும், பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே டீக்கடையில் குடையோடு வந்து நிற்பார். பெட்டியும் பையுமாக பஸ்ஸிலிருந்து இறங்கி மிரண்டு பார்க்கும் பிள்ளைகளிடம், “எந்த ஊரு? எந்த டிபார்ட்மென்ட்? வா, டீ குடிச்சுட்டுப் போகலாம்” என்பார். வேலைக்குப் போய்விட்ட நாங்களும் முடிந்த நாளில் போய் அவரோடு நிற்போம். உள்ளே விடாதவர்களால் சாலையை என்ன செய்ய முடியும்?

பிறகு, எல்லாக் கல்வி நிலையங்களிலும் மூத்த மாணவர்கள் புதியவர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. உடனே விழா, மேடை, பொன்னாடை, சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ். அக்காவுக்கு அழைப்பு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னார்: “விடு. அதுங்களுக்கு உள்ளயே ஆள் கெடச்சுதுல்ல, அது நல்லதுதான்.” ஆனால் பேட்ஜ் குத்தியவர்கள் படம் எடுத்துக்கொண்டதோடு சரி. பிள்ளைகள் டீக்கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. சின்ன வயதுக் காய்ச்சலில் அவருடைய இதய வால்வு பழுதாகியிருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியும், “அட்மிஷன் முடியட்டும்” என்றார். அது முடிந்தால் பிள்ளைகளின் முதல் பரீட்சை முடியட்டும் என்றார். பிறருக்குச் சொன்ன புத்தியில் ஒரு துளியைத் தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு காலையில் டியூஷனுக்குப் புறப்பட்டவர், மூச்சு வாங்குகிறது என்று கட்டிலில் சாய்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பகல் பஸ்ஸில் போய் அக்காவின் கிராமத்தில் இறங்கினேன். தெரு முழுக்கப் பிள்ளைகள். இப்போது திருச்சியில் விரிவுரையாளராக இருக்கும் சங்கரி, அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து இருவர் பெரிய மலர்வளையத்தோடு வந்தார்கள். வைத்துவிட்டு அக்காவின் அம்மாவிடம் குனிந்து, “மேடம் படம் ஒண்ணு குடுத்தீங்கன்னா, எங்க வழிகாட்டி மையத்துல மாட்டிடுவோம்” என்றார்கள்.

அந்த அம்மா அவர்களை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை எழுந்து நிற்கவில்லை.

“உசுரோட வந்தப்ப எம்பொண்ண உள்ள விட்டீங்களாய்யா? படத்த மட்டும் எதுக்கு உள்ள கூப்பிடுறீங்க? தரமாட்டேன். போயிட்டு வாங்க.”

அவர்கள் சங்கடமாகப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மாலையில் தூக்கினார்கள். பெண்கள் தெருமுனையோடு நிற்பதுதான் அங்கே வழக்கம். சங்கரி நிற்கவில்லை. அவள் பின்னால் மற்றப் பெண்களும் நடந்தார்கள், நானும் நடந்தேன். பெரியவர் ஒருவர், “பொம்பளைங்க வரக்கூடாதும்மா” என்றார். பாடையைச் சுமந்த அக்காவின் தம்பி திரும்பாமலே, “வரட்டும் சித்தப்பா. அக்கா கூப்பிட்டு வந்தவங்கதான்” என்றார்.

இரண்டு பக்கமும் நட்ட சம்பா வயல். மழையில் வரப்பு சேறாகி வழுக்கியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஊர் ஊரிலிருந்து வந்த அத்தனை பெண்களும் சுடுகாடு வரை போனோம். ஈர விறகு பிடிக்க நேரமாயிற்று. பிடித்து எரியும் வரைக்கும் ஒருத்தியும் திரும்பவில்லை.

‘அமைதியாக உறங்குங்கள்’ என்று வாட்ஸப் குழுவில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. அமைதியாக இருக்கும்படி அவர்கள் உங்களுக்குச் சொன்னது போதும் அக்கா. நீங்கள் போய் வாருங்கள். உங்கள் கோபம் எங்களிடம் இருக்கட்டும்.