மம்மா அமாலியாவின் வீடு

நேப்பிள்ஸில் சனிதாப் பேட்டைக்காரர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வாசலைத் தாண்டி உள்ளே வந்தவன் யாராக இருந்தாலும் காப்பி குடிக்காமல் வெளியே போகக் கூடாது. மீட்டர் பார்க்க வந்தவனானாலும் சரி, கோர்ட்டு சம்மன் கொண்டுவந்தவனானாலும் சரி. இந்தப் பிடிவாதத்தில் அமாலியாவை மிஞ்ச ஆள் கிடையாது. அதுவே அவள் குடியைக் கெடுத்தது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் அமாலியா. புருஷன் சபாத்தினோ மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன். அவன் போன பிறகு, மூன்றாம் மாடியில் அந்தப் பெரிய வாடகை வீட்டில் ஒண்டிக்கட்டையாகக் கிடந்தாள். பிள்ளைகுட்டி இல்லை. ஜெர்மனியில் வேலை பார்க்கும் தங்கை மகள் நொயேமி லீவுக்கு வந்தபோது வழி சொன்னாள்.

"பெரியம்மா, பின்பக்க ரூம் சும்மாத்தானே கெடக்கு? ஓட்டல்ல தங்க வசதியில்லாத பசங்க ஊர் பாக்க வர்றாங்க. வீட்டுக்காரங்களோட தங்கணும்னு அவங்களுக்கு ஆசை வேற. நீங்க எடம் குடுங்களேன்."

படம் பிடித்துச் செல்போனில் போட்டுவிட்டு அவள் போய்விட்டாள். முதுகில் மூட்டையோடு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். படுக்கைக்கு மட்டும்தான் பேச்சு. ஆனால் பசித்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தான் மட்டும் சாப்பிட அமாலியாவுக்குத் தெரியாது. மத்தியானம் பாஸ்தா, ராத்திரி பயறுக் கஞ்சி, கிளம்பும் அன்று ரயிலில் சாப்பிட ரொட்டிக்குள் கத்தரிக்காய். போனவர்கள் ஊர் ஊராய் அவளைப் பற்றிச் செல்போனில் எழுதித் தள்ளினார்கள். 'மம்மா அமாலியா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெறாத பிள்ளைகள் அம்மா என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் புரியும்?

வாடகை ஒப்பந்தப்படி வெளியாளைத் தங்க வைக்கக் கூடாது. அதனால் வந்தவர்கள் எல்லாரும் தெருவுக்கு அவளுடைய தங்கை பிள்ளைகள். கட்டடம் முழுவதும் எத்தோரேவுக்குச் சொந்தம்; பேட்டையில் மரியாதைக்கு 'டொன்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். கீழே அவருடைய புகையிலைக் கடை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"அமாலியா, உன் தங்கச்சி பசங்க ஒருத்தனுக்கும் உன் மூக்கு இல்லியே! நேத்து வந்தவன் கொரியாக்காரன் மாதிரி இருந்தான்."

"அவன் அப்பா ஜாடைங்க, டொன் எத்தோரே."

"உன் தங்கச்சிக்கு எத்தனை புருஷன்டி?"

கடையே சிரித்தது. அமாலியாவும் சிரித்தாள். கேட்டும் கேட்காத மாதிரி விட்டுவிடுகிற நல்ல மனுஷன் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தட்டு நிறைய இறைச்சிக் குழம்பு பாஸ்தா கொண்டுபோய்க் கொடுப்பாள். மனைவியை இழந்தவர், வேறு யார் செய்து போடுவார்கள் என்ற பரிவும் உண்டு. தன் கைச்சோறு தின்றவன் தன்னைக் கைவிட மாட்டான் என்று அவள் மனப்பூர்வமாக நம்பினாள்.

அந்த வசந்தத்தில் டொன் எத்தோரேவின் மகன் மான்லியோ மிலானிலிருந்து திரும்பி வந்தான். வந்த வாரமே அளவு நாடாவோடு ஓர் ஆளை மேலே அனுப்பினான். குளியலறைக் கூரை மூன்று குளிர்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருவழியாகப் பழுது பார்க்க ஆள் வந்தான் என்று அமாலியாவுக்கு வாயெல்லாம் பல். உட்கார வைத்தாள், காப்பி போட்டாள். குடித்தவனைச் சும்மா விட்டாளா? கையைப் பிடிக்காத குறையாக அறை அறையாக இழுத்துப் போனாள்.

"இந்த ரூம்ல காலை வெயில் பாருங்க. சுவரு தடிமன், மேல குதிச்சாலும் கேக்காது. பால்கனிய பாத்தீங்களா? போன வாரம் வந்த பொண்ணு எறங்கவே மாட்டேன்னுட்டா."

"எத்தனை பேர் படுக்கலாம்மா?"

"என் ரூமையும் சேத்தா? நாலு கட்டில் தாராளமா போடலாம். நடுவுல ஒரு தட்டி வெச்சா அஞ்சு!"

அந்த ஆள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். கூரையை மட்டும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அமாலியா அதைக் கவனித்தாள். காப்பி நன்றாக இருந்தது என்று அவன் சொன்னதில் மறந்துபோனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தட்டோடு போனபோது மான்லியோவும் மேஜையில் இருந்தான். "அமாலியா, இந்த வருஷத்தோட ஒப்பந்தம் முடியுது" என்று அவன் ஆரம்பித்தான்.

"சாப்பிட்டுக்கிறேன், அப்புறம் பேசலாம்" என்றார் டொன் எத்தோரே. தலை நிமிராமல் சாப்பிட்டார். கடைசிச் சொட்டுக் குழம்பையும் ரொட்டியால் வழித்துத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். "பையன்தான் இனிமே எல்லாம் பாத்துக்கிறான். அவன்கிட்ட பேசிக்கோ."

"டொன் எத்தோரே, கல்யாணத் துணியோட இந்தப் படி ஏறினவ நான். சபாத்தினோவ இங்கேருந்துதான் எடுத்தோம். எங்க போவேன்?"

"வெளியாள தங்க வெச்சதுக்கு நான் கேஸே போட்டிருக்கலாம்" என்றான் மான்லியோ. "போடல. உனக்கு வேலையும் தர்றேன். எழுதறவனெல்லாம் உன்னைத்தானே எழுதறான்? தினம் காலைல வந்து காப்பி போடு, ரொட்டி வை, ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசு. ஆனா இங்கதான் குடியிருக்கேன்னு சொல்லணும்."

"நான் நடிக்கணுமா? என் வீட்டுலயா?"

"எங்க வீட்டுல" என்றான் அவன்.

அமாலியா வாயில் வந்த வசவையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். தட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லாரும் காப்பி கொடுத்தார்கள், உச்சுக் கொட்டினார்கள். அவளுக்காக மான்லியோவிடம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பாதிப் பேர் தாங்களும் ஊர் பார்க்க வருபவர்களுக்கு விடுவதற்காக வீட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பேட்டையில் காலி வீடு எதுவும் அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைசியில் கசோரியாவில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், ஓர் அறை கிடைத்தது. அதற்கும் பென்ஷன் போதவில்லை. ஒரு மாதம் வீம்பாக இருந்துவிட்டு மான்லியோவிடமே வந்து நின்றாள். சொல்ல நாக்கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இப்போது வாசலில் 'மம்மா அமாலியாவின் வீடு' என்று பளபளக்கும் பலகை தொங்குகிறது. ஐந்து கட்டில்கள். ஊர்க்காரியோடு தங்குவது என்று சொல்லி முன்னைப்போல மூன்று மடங்கு வாங்குகிறார்கள். விருந்தாளிகள் எழுவதற்கு முன் அமாலியா வந்து, தெருவில் போட்ட செருப்பை ஒளித்துவிட்டு, வீட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வாள். வீட்டுக்காரி மாதிரி இருக்க வேண்டும் அல்லவா?

போன வாரம் டென்மார்க்குக்காரப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். வெகுளி. அரைகுறை இத்தாலிய மொழியில் ஆசை ஆசையாகப் பேசினாள். அவளுக்குக் கொடுத்திருந்தது அமாலியாவும் சபாத்தினோவும் படுத்த அறை.

"ராத்திரி நல்லா தூங்கினேன், மம்மா. நீங்க எந்த ரூம்ல தூங்கறீங்க?"

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் வேலை போகும், அறையும் போகும்.

"மேல, மாடில" என்றாள் அமாலியா. குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அதுவே அவளை அறுத்தது.

"கொடுத்து வெச்சவங்க நீங்க. இந்த வீட்டை விட்டு எங்கயும் போயிடாதீங்க!"

அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் கடைசியாக ஊர் பார்க்கக் கிளம்பினாள். அமாலியாவுக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் விருந்தாளி கண்ணை விட்டு மறையும்வரை அவள் படி இறங்கக் கூடாது, மான்லியோவின் உத்தரவு. பால்கனியில் நின்றாள். தெருமுனையில் அந்தப் பெண் திரும்பிப் பார்த்துக் கை ஆட்டினாள். அமாலியாவும் சிரித்துக்கொண்டே ஆட்டினாள். அவள் மறைந்ததும் செருப்பை மாற்றிக்கொண்டு, கதவைப் பூட்டி, சாவியைக் கடையில் கொடுப்பதற்காகக் கீழே இறங்கினாள்.