ஆட்டுக்கு வயிறு நிறைந்த நாள்

எங்கள் ஊர் நயினார்கோவில் பக்கம். வைகை எங்களுக்கு ஆறுதான் என்றாலும் வருடத்தில் பெரும்பாலும் அது வெறும் மணல். தண்ணீர் வருகிறது என்று சேதி வந்தால் பிள்ளைகள் எல்லோரும் ஆற்றுக்குள் இறங்கி நிற்போம். நுரையும் சருகுமாக முன்னால் வரும் தண்ணீருக்கு எதிரே போய், அது காலைத் தொடுவதற்குள் திரும்பி ஓட வேண்டும். அந்த விளையாட்டில் தோற்பதற்குத்தான் எல்லோருக்கும் ஆசை.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த மார்கழியில் அப்படி ஒரு தண்ணீர் வந்தது. கார்த்திகையோடு மழை நின்றுபோயிருந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரே ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும் என்று ஊரே பேசியது. கிடைக்காவிட்டால் பயிர் சாவியாகப் போய்விடுமாம். மணி பிடிக்காத வெறும் உமிக்கு அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியாது. வயல் நிறையப் பூட்டுச் சாவி காய்த்தால் அதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆற்றிலிருந்து கண்மாய்க்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். அதனால் எந்த வயலுக்கு எத்தனை மணி நேரம் என்று ஊர் கூடி முறை வைத்தது. வாய்க்கால் வெட்ட ஆள் அனுப்பாத வீட்டுக்குக் கடைசி முறை. ஒருவர் தன் முறைத் தண்ணீரை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கவும் கூடாது. விட்டால் வலுத்தவன் எளியவனை மிரட்டி வாங்கிக்கொள்வான் என்று நல்ல எண்ணத்தில் போட்ட கட்டுப்பாடு அது. ஆள் அனுப்பாத வீடு ஒன்றே ஒன்று, எங்கள் பெரியம்மா வீடு. எங்கள் அய்யாவின் அண்ணனான பெரியப்பா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊர் வாய்க்கால் வெட்டிய வாரம் பெரியம்மா மகளின் பிரசவத்துக்காகப் பரமக்குடியில் இருந்தாள். கடைசி முறை வரும்போது கண்மாயில் சேறுதான் மிஞ்சும் என்று எல்லோருக்கும் தெரியும். பெரியம்மா யாரிடமும் போய்க் கேட்கவில்லை.

எங்களிடம் கேட்க வழியே இல்லை. என் காதுகுத்துக்கு அம்மா எடுத்துக் கொடுத்த சேலையில் ஒரு முழத்துக்குச் சாயம் வெளுத்திருந்ததாம். வேண்டுமென்றே கொடுத்தது என்றாள் பெரியம்மா. கடைக்காரன் மடித்துக் கொடுத்ததை அப்படியே கொடுத்தேன் என்றாள் அம்மா. முதலில் வாய் திறப்பவள் தோற்றவள் என்று இருவரும் இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்தார்கள். வயல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் அம்மா கோழியைத் திட்டுவாள், பெரியம்மா ஆட்டைத் திட்டுவாள். அது சாடைப் பேச்சு என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக் கோழிகள் ரொம்பவும் கெட்டவை என்றே நினைத்திருந்தேன்.

அய்யா லாரியோடு வடக்கே போயிருந்ததால் எங்கள் முறைக்கு அம்மாதான் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை தண்ணீர் எங்களுக்கு. அம்மா கீழ்வயலில் நின்று பாய்ச்சிக்கொண்டிருந்தாள். அரைப்பரீட்சை லீவில் இருந்த எனக்கும் தம்பிக்கும் வாய்க்கால் சொந்தமாயிற்று. ஆற்றின் குளிர்ச்சி அப்படியே இருந்தது. கெண்டைக் குஞ்சுகள் காலைக் கடித்தன. அவற்றுக்காகக் கொக்குகள் எங்களுக்குப் பத்தடி தள்ளி மரியாதையாகக் காத்து நின்றன. முழங்காலுக்கும் எட்டாத தண்ணீர் என்பது ஒன்றுதான் குறை. உரச்சாக்கில் மண்ணை அள்ளிப் போட்டு, கருவேலங்கொப்பை வைத்து அணை கட்டினோம். இடுப்பளவு தண்ணீர் சேர்ந்ததும் தலை முங்கிக் குளித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எந்தக் கடலிலும் குளித்ததில்லை.

தண்ணீர் ஏறி, பக்கத்தில் இருந்த தாழ்ந்த வரப்பின் மேல் வழிந்து போனதை நாங்கள் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தது பெரியம்மாவின் வயல்.

கீழே தண்ணீர் நின்றதும் அம்மா மம்பட்டியோடு மேலே வந்தாள். அணையைப் பார்த்தாள். வெடித்துக் கிடந்த பெரியம்மா வயலுக்குள் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தாள். எதிர் வரப்பில் பெரியம்மா ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எதையும் காணாதவள் போல முகத்தைத் திருப்பி நின்றிருந்தாள்.

என் முதுகில் இரண்டு அடி விழுந்தது. வழக்கமாக அம்மாவின் கோபம் அடியோடு முடிந்துவிடும். வாயை வீணாக்குகிறவள் இல்லை. அன்று மட்டும் வசவு முடியவே இல்லை. கோவிலில் செருப்பைத் தொலைத்தது, ரேஷன் கார்டில் மீசை வரைந்தது, தொட்டிலில் கிடந்த காலத்தில் தூங்காமல் படுத்தியது என்று ஒன்று விடாமல் வந்தது. நடுநடுவே ஒரு வரியை மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

"இத வெட்டிவிடலாம்னா மம்பட்டிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேனே. நான் என்ன செய்வேன்."

மம்பட்டி அம்மாவின் கையில் இருந்தது. அதன் மேல் சாய்ந்துதான் நின்றிருந்தாள். அழுகைக்கு நடுவிலும் நான் நல்ல பிள்ளையாக, அது இங்கேதானே இருக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். அதற்கும் ஒரு அடி விழுந்தது.

சத்தம் கேட்டு, மடையைத் திறந்து அடைத்து முறை பார்க்கிற நீர்பாய்ச்சி வந்தார். அணையைப் பார்த்தார், பெரியம்மா வயலைப் பார்த்தார், கடைசியாக மம்பட்டியைப் பார்த்தார். பிள்ளைகள் செய்ததற்கு யார் என்ன சொல்ல முடியும் என்று முனகினார். வெயில் கண்ணில் அடிக்கிறது என்று திரும்பி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். திரும்பிய பிறகுதான் வெயில் அவர் முகத்தில் அடித்தது. பெரியவர்களுக்குத் திசைகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

அம்மா என் மூன்றாம் வகுப்புக் குற்றங்களுக்கு வந்திருந்தபோது, எதிர் வரப்பில் பெரியம்மா ஆட்டுக் கயிற்றைச் சுண்டினாள்.

"போதும்டி. வயிறு நெறஞ்சிருச்சு, வா."

அம்மா சட்டென்று நிறுத்தினாள். இரண்டே வெட்டில் அணை உடைந்தது. எங்கள் முறை முடிய அப்போது கொஞ்ச நேரமே இருந்தது. அந்தத் தை மாதம் எங்கள் கீழ்வயலின் கடைசி மூலை சாவியாகத்தான் போனது. அதற்காக என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு மனசு ஆறவில்லை. வெளிப்படையாகச் செய்த தப்புக்கு நான் அடி வாங்கிக்கொண்டு நிற்க, பெரியவர்கள் பாட்டுக்குப் பொய் சொல்லிவிட்டுப் போகலாமா?

"அம்மா, பெரியம்மா பொய் சொல்றாக. அந்த ஆடு ஒண்ணுமே திங்கல. வயிறு ஒட்டிப்போய்க் கிடக்கு."

இன்னொரு அடி வரும் என்று முதுகைச் சுருக்கினேன். வரவில்லை. அம்மா முந்தானையால் முகத்தை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஒரு கை புல்லப் பிடுங்கிக்கிட்டுப் போயி, நீயே குடுத்துட்டு வா."

இரண்டு வருடத்தில் அந்த வரப்பைத் தாண்டி என்னை அனுப்பியது அதுதான் முதல் தடவை. தண்டனையில் இது வேறு பாக்கி இருக்கிறது போல என்று நினைத்து, அழுதுகொண்டே புல் பிடுங்கினேன்.