போட்டாச்சு

அன்று காலை செய்தி வரவில்லை. பிலோமினா அக்காவிடமிருந்து தினமும் ஒரே சொல்தான் வரும்: "போட்டாச்சு." நானும் அதையே திருப்பி அனுப்புவேன். காத்திருந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன். அவர் தங்கை எடுத்தார்.

"அக்கா எழுந்துக்கல தம்பி."

தூக்கத்திலேயே இதயம் நின்றிருந்தது.

அவர் குடியிருந்த லிங்கராஜபுரத்தில் பலர் அவரை ஆலயப் பாடகர் குழுவின் குரலாக அறிவார்கள். எனக்கு அவர் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பக்கத்து இருக்கை. அவருக்குக் கன்னடம், எனக்குத் தமிழ். எங்களைச் சேர்த்தது கவுட். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, மூட்டில் படிகமாகத் தங்கி, கால் பெருவிரலை நெருப்பாக்கும் நோய்.

ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்தேன். கிரிக்கெட் ஆடியதில் அடிபட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அக்கா என் காலையே பார்த்தார். மதியம் அருகில் வந்து மெல்லக் கேட்டார்: "பெட்ஷீட் பட்டாலே உயிர் போகுதா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அது கிரிக்கெட் இல்லப்பா. படியில வழுக்கிட்டேன்னு நான் சொல்லிட்டுத் திரியறேனே, அதேதான்."

குடிப்பவர்களுக்கு வரும் நோய் என்று பேர். அவர் வெட்கப்பட்டார். பரிசோதனை முடிவு வந்த அன்று, "டாக்டர், நான் காப்பியே லைட்டாதான் குடிப்பேன்" என்றாராம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும், குடும்பவழியாகவும் வரும் என்று மருத்துவர் விளக்கினார். விளக்குமுன் சிரித்துவிட்டார். அதை அக்கா மறக்கவில்லை.

வலி போனதும் மாத்திரையை நிறுத்தினோம், இருவருமே. வலிக்காத காலுக்கு எதற்கு மருந்து? மறுபடியும் வந்தது, இருவருக்குமே. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வலி இல்லாத நாளிலும் விடக்கூடாது என்று மருத்துவர் கண்டித்த பிறகுதான், மாத்திரை போட்டதும் அனுப்பும் அந்தக் காலைச் செய்தி தொடங்கியது. "உன்ன நீயே ஏமாத்திக்குவ. என்ன ஏமாத்த முடியாது" என்றார் அக்கா. என் மேசையிலிருந்த கூல்டிரிங்க் பாட்டிலை எடுத்துவிட்டுத் தண்ணீர் வைத்தார். தனக்குப் பிடித்த ஈரல் வறுவலை விட்டார். "எனக்கு வருஷம் பூரா லெந்து நோன்புதான்."

கிறிஸ்துமஸ் வாரத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த வீட்டு ஆன்ட்டி, தான் செய்த திராட்சை ஒயினை நீட்டினார். அக்கா தயங்கினார்.

"வேணாம் ஆன்ட்டி. எனக்குக் கவுட்."

ஆன்ட்டி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"அது குடிகாரங்களுக்கு வர்றதாச்சே பிலோ?"

"ஆமா ஆன்ட்டி. உங்க ஒயின் வாசத்துக்கே வந்துடுச்சு."

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆன்ட்டிதான் அதிகம் சிரித்தார். சிரிப்பு அடங்கும் முன்பே அக்கா சமையலறைக்குள் போய்விட்டார். அவரே எல்லோர் முன்னும் சொல்லிவிட்டதால்தான் நானும் இங்கே நோயின் பெயரை எழுதுகிறேன்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் எனக்குக் கால் வீங்கியது. ஜீவனஹள்ளியில் என் அறை. முன்பெல்லாம் இப்படி ஆனால் ஃபோனில் அவர் முதலில் சொல்வது, "ஃபேனை நிறுத்து. காத்து பட்டாலும் வலிக்கும்." வேறு யாருக்கும் இது தெரியாது. சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

அலுவலகத்தில் கேட்டார்கள்: "என்ன மச்சா, மறுபடி கிரிக்கெட்டா?"

"இல்ல. கவுட்."

"ஓ. தண்ணி ஜாஸ்தியோ?"

அக்கா மாதிரி ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன். வரவில்லை. இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு என் இடத்துக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள்.

நோயைப் பெயர் சொல்லிச் சொல்வது அவரிடமிருந்து எனக்கு வந்தது. அந்தச் சிரிப்பு வரவில்லை. காலையில் மாத்திரையை விழுங்குகிறேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிறேன். ஃபேனை நிறுத்துகிறேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. வாய்விட்டுச் சொல்கிறேன்.

போட்டாச்சு, அக்கா.